பழைய வண்டி பெட்ரோல் டேப்: ஓடினால் திணறுகிறது, நிறுத்தினால் நாறுகிறது

துருவேறியவன்:
வணக்கம் நண்பர்களே. எழுபதுகளின் கடைசியில் வந்த இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கார்புரேட்டர், ஒரே டேப், அதாவது டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய். டேப்பில் ஆன், ரிசர்வ், பிரைம் என்று மூன்று நிலை; ஆஃப் கிடையாது. டேப்பின் முதுகிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இடது சிலிண்டரின் இன்டேக்குக்கு (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி) போகிறது.

தொல்லை இரண்டு. மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினால் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. கையைத் தளர்த்தினால் சமாளித்துக்கொள்கிறது, விடாப்பிடியாக முறுக்கினால் நின்றே போகிறது. சற்று நேரம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அடுத்தது, இரவு நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் பெட்ரோல் நாற்றம். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. மெக்கானிக் "இந்த வேக்குவம் டேப்பே வேண்டாம், சாதா டேப் போட்டுடலாம்" என்கிறார். மாற்றுவதா, சரி பார்ப்பதா?

கிக்கர்காரன்:
டேப்பில் கை வைக்கும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள். அடுத்த முறை திணறும்போது நிறுத்தி, மூடியை மெதுவாகத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் மேல் பை வைத்து ஓட்டுகிறவர் என்றால் அந்தப் பையே துளையை மூடிக்கொண்டிருக்கலாம். டேப் மாற்றி, கார்புரேட்டர் மாற்றி, இக்னிஷன் காயில் வரைக்கும் மாற்றிவிட்டுக் கடைசியில் மூடியில் ஊசி விட்டுக் குத்தியதும் சரியான வண்டிகள் நிறைய.

நீலப்புகை:
கிக்கர்காரன் சொன்னதைச் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் இன்னொன்று. இதைப் படித்து முடிக்கும் வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.

நாற்றம் வருகிறது, தரையில் சொட்டு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது? வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் போயிருக்கும். இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா, டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதா?

இதில் ஆபத்து இரண்டு. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது. அதைவிட மோசம், சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் தேங்கி நிற்கும் நேரத்தில் செல்ஃப் அடிப்பது. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சந்தேகம் இருந்தால் இரண்டு பிளக்கையும் கழற்றி, சாவியை ஆஃப் செய்து, துளை மேல் துணியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிச் சுற்ற விடுங்கள். உள்ளே இருந்தால் துணி நனையும். திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்து அறையில் அடுப்பு எரிந்தால்கூட அங்கே போய்ப் பற்றும்.

அப்புறம், கழற்றிய பிளக் இரண்டின் நிறத்தையும் சொல்லுங்கள். இடது எது, வலது எது என்று குறித்து வையுங்கள்.

துருவேறியவன்:
ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. வாடை நன்றாகவே அடிக்கிறது. துணி நனையவில்லை, ஆனால் இடது துளையில் ஈரக்காற்று வந்தது. இடது பிளக் கரி பிடித்துக் கன்னங்கரேல். வலது பிளக் நல்ல பழுப்பு. மூடியைத் திறந்தபோது சத்தம் ஏதும் இல்லை. இது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் நீடில் வால்வின் கோளாறுதானே? டேப்புக்கு என்ன சம்பந்தம்?

பித்தளைஜெட்:
நீடில் வால்வாக இருந்தால் முதலில் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில் சொட்டும். எல்லா கார்புரேட்டரிலும் அந்தக் குழாய் இருக்காது, அதனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆனால் உங்கள் பதிலில் ஒரு வார்த்தை எனக்குப் போதும்: இடது. வேக்குவம் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வேக்குவம் டேப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று, அதுதான் டயாஃப்ரம். அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங்கும் வேக்குவம் குழாயும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் தள்ளி, அதன் நடுவில் இருக்கும் குட்டி ரப்பர் வளையத்தால் (ஓ-ரிங்) வழியை அடைத்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது இன்டேக்கின் உறிஞ்சல் டயாஃப்ரத்தைப் பின்னுக்கு இழுக்கும், வழி திறக்கும். அதனால்தான் ஆஃப் தேவையில்லை. பிரைம் நிலை இந்த அமைப்பையே சுற்றிக்கொண்டு போகும் நேர்வழி. காய்ந்த கார்புரேட்டரை நிரப்ப மட்டும். பிரைமில் விட்டுவிட்டுப் போனால் டேப்பே இல்லாத மாதிரிதான்.

இப்போது அந்த டயாஃப்ரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்? ஓடும்போது இன்டேக் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோலையே உறிஞ்சும். கார்புரேட்டர் கொடுப்பதற்கு மேல் இடது சிலிண்டருக்குக் கூடுதல் தீனி, பிளக் கறுக்கும். நிறுத்திய பிறகு பெட்ரோல் தானாகக் கசிந்து அதே குழாயில் இறங்கி இடது சிலிண்டருக்குள் போகும். தரையில் சொட்டாது. ஆயில் ஏறும்.

நெடுஞ்சாலைத் திணறலும் இதோடு ஒட்டிப் போகிறது. ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினால் இன்டேக்கில் உறிஞ்சல் குறைந்துவிடும். நல்ல டயாஃப்ரம் அந்தக் கொஞ்ச உறிஞ்சலிலும் திறந்து நிற்கும். ஓட்டை விழுந்தது நிற்காது, ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியைக் குறுக்கும். நீங்கள் கையைத் தளர்த்தியதும் உறிஞ்சல் கூடும், பெட்ரோல் வரும்.

சோதிப்பது சுலபம். டேப்பிலிருந்து போகும் வேக்குவம் குழாயை இன்டேக் பக்கம் கழற்றுங்கள். முதலில் அதன் முனையை முகருங்கள், உள்ளே ஈரமா பாருங்கள். பிறகு ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சை அதில் செருகிப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். டயாஃப்ரம் நன்றாக இருந்தால் பிஸ்டன் கையை எதிர்த்து இழுக்கும், விட்டால் திரும்ப உள்ளே ஓடும். ஓட்டை என்றால் இழுத்த இடத்திலேயே நிற்கும், அல்லது சிரிஞ்சில் பெட்ரோல் வரும். வாயால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம், ஓட்டை இருந்தால் வாய் நிறைய பெட்ரோல்.

மிதவைக்கிண்ணம்:
நான் மெக்கானிக் பக்கம். எதற்கு இந்த வம்பு? ஆன், ஆஃப், ரிசர்வ் உள்ள சாதா டேப்பைப் போட்டு, இன்டேக்கில் இருக்கும் வேக்குவம் முனையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் டயாஃப்ரம், ஸ்பிரிங், கூடுதல் குழாய் எதுவுமே இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளெல்லாம் அப்படித்தான் ஓடின.

நீலப்புகை:
மிதவைக்கிண்ணம் எழுதியது: "எதற்கு இந்த வம்பு?"

சாதா டேப்பில் தப்பில்லை, ஆனால் அது வண்டியோட்டியின் பழக்கத்தை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஆஃப் செய்கிறவருக்குச் சரி. மறந்துவிட்டால் டேங்கில் இருக்கும் அத்தனை பெட்ரோலையும் தடுத்து நிறுத்தப் போவது நீடில் வால்வின் கூர்முனை மட்டும்தான். அந்த முனையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும். நீடில் வால்வு மிதவைக் கிண்ணத்தின் அளவைச் சீராக வைக்க வந்தது, இரவெல்லாம் டேங்கைக் காவல் காக்க வந்ததல்ல.

இன்னொன்று, வேக்குவம் முனையைச் சரியாக அடைக்காவிட்டால் அந்த சிலிண்டர் மட்டும் காற்றை இழுத்து லீனாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து ஓடும். பிஸ்டன் சூடாகி ஓட்டை விழும்.

மிதவைக்கிண்ணம்:
ஒத்துக்கொள்கிறேன், பழக்கம் முக்கியம். எனக்கு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் கை தானாக டேப்புக்குப் போய்விடும். ஆனாலும் டயாஃப்ரம் கிட் கிடைக்காத வண்டிக்கு வேறு என்ன வழி?

பித்தளைஜெட்:
கிட் கிடைக்காவிட்டால் சாதா டேப்தான், அதில் சண்டையே இல்லை. வாங்கும்போது மூன்றை அளந்து வாங்குங்கள்: டேங்க் அடியில் இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், முனை எத்தனை மி.மீ. குழாய்க்கு, முனை எந்தப் பக்கம் பார்க்கிறது. தூரம் 2 மி.மீ. வித்தியாசப்பட்டாலும் துளையை ராவி மாட்டுகிறார்கள், அப்புறம் ஓ-ரிங் கோணலாக உட்கார்ந்து ஒழுகுகிறது.

துருவேறியவன்:
சிரிஞ்ச் சோதனை செய்தேன். இழுத்த இடத்திலேயே நின்றது, அடியில் ஒரு ஸ்பூன் பெட்ரோல். குழாய் உள்ளே ஈரம். டயாஃப்ரம் போய்விட்டது, சரி. கிட் கிடைக்கிறது. மாற்றுவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா, இதோடு முடிந்ததா?

கிக்கர்காரன்:
முடிந்தது என்று சொல்ல மாட்டேன். டேப்பைக் கழற்றும் முன் ஓட்ட அளவு பார்த்துவிடுங்கள். பெட்ரோல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்ற கணக்கு இல்லாமல் பழைய வண்டியில் எதையும் முடிவு செய்ய முடியாது.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அளவு போட்ட பாத்திரத்தில் விட்டு, ஒரு நிமிடம் ஓட விடுங்கள். பிரைமில் ஒரு முறை. சிரிஞ்சை இழுத்துக்கொண்டே இருந்து ஆனில் ஒரு முறை, ரிசர்வில் ஒரு முறை. உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. பாத்திரம் உலோகமாக இருக்கட்டும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

எவ்வளவு வர வேண்டும்? கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கிற வண்டி மணிக்கு 4.5 லிட்டர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 75 மில்லி. முழுசாக முறுக்கினால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே நிமிடத்துக்கு 250 மில்லிக்குக் கீழே வந்தால் நான் சந்தேகப்படுவேன், 100க்குக் கீழே என்றால் நெடுஞ்சாலைப் பக்கமே போக மாட்டேன். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும், ரிசர்வுக்குச் சற்று மேலே இருக்கும்போது அளப்பதுதான் உண்மை.

நீலப்புகை:
இதோடு மூடி சோதனையையும் சேர்த்துவிடலாம். ஒரு முறை மூடியைப் பூட்டி, ஒரு முறை திறந்து. 'உஸ்' சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அரைகுறை அடைப்பு என்றால் நிறுத்தி மூடியைத் திறப்பதற்குள் காற்று உள்ளே போய்விட்டிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு சாண் என்று வையுங்கள், சுமார் 20 செ.மீ. அந்த உயரம் கொடுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்தான். பெட்ரோலைக் கீழே தள்ளுவது அவ்வளவே. டேங்குக்குள் 10 லிட்டர் காற்று இருந்து துளை முழுசாக அடைத்திருந்தால், 150 மில்லி பெட்ரோல் வெளியேறியதுமே உள் அழுத்தம் அந்த ஒன்றரை சதவீதம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். டேங்க் கிட்டத்தட்ட நிறைந்து 1 லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்றால் 15 மில்லியே போதும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் நிஜத்தில் இன்னும் சற்று ஓடும். ஆனால் போக்கு இதுதான். பங்கில் முழுசாக நிரப்பிக்கொண்டு வந்த உடனே திணறி, பாதி டேங்கில் நன்றாக ஓடுகிற வண்டி என்றால் மூடியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

துருவேறியவன்:
அளந்துவிட்டேன். டேங்க் ரிசர்வுக்குக் கொஞ்சம் மேலே. மூடி திறந்தாலும் மூடினாலும் வித்தியாசம் இல்லை, அதனால் மூடி நல்ல மூடி. பிரைமில் தாராளமாகக் கொட்டுகிறது. சிரிஞ்சை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ரிசர்வில் நன்றாக வருகிறது. ஆனால் ஆனில் முதலில் வந்து, பிறகு நூல் மாதிரி மெலிந்துவிடுகிறது. டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, சரி. ரிசர்வும் அதே டயாஃப்ரம் வழியாகத்தானே வர வேண்டும்? ஆன் மட்டும் ஏன் மெலிகிறது?

பித்தளைஜெட்:
பதிலைப் பாதி நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனுக்கும் ரிசர்வுக்கும் டயாஃப்ரம் பொது. பொதுவாக இல்லாதது டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாய். ஆன் நிலை டேங்குக்குள் உயரமாக எழுந்து நிற்கும் குழாயின் மேல் முனையிலிருந்து எடுக்கும். ரிசர்வ் அடியிலேயே இருக்கும் துளையிலிருந்து எடுக்கும். பிரைம் பெரும்பாலான டேப்களில் ரிசர்வ் துளையையே பயன்படுத்தும். அதனால் ரிசர்வும் பிரைமும் நன்றாக இருந்து ஆன் மட்டும் மெலிந்தால் அந்த உயரக் குழாயின் வலை அடைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு. டயாஃப்ரம் மட்டும் மாற்றியிருந்தால் நாற்றம் போயிருக்கும், திணறல் போயிருக்காது. டேங்கை எப்போதாவது உள்ளே பூச்சு பூசினார்களா?

துருவேறியவன்:
எனக்கு முன்பு வைத்திருந்தவர் துருவை எடுத்து உள்ளே ஏதோ பூசியிருக்கிறார். டார்ச் அடித்தால் வெள்ளையாகத் தெரியும்.

பித்தளைஜெட்:
அதுதான். துரு முழுசாகப் போகாமல் மேலே பூசிய பூச்சு சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். செதில் வலைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் இழுப்பு நின்று, செதில் மிதந்து விலகும். நிறுத்தி வைத்தால் திரும்பக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். டேப்பைக் கழற்றியதும் வலையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஓரவண்டி:
நடுவில் புகுந்து கேட்கிறேன். எனக்குத் தலைகீழ்த் தொல்லை. ரிசர்வுக்கு மாற்ற வேண்டிய நேரமே வருவதில்லை, ஆனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரேயடியாகக் காலியாகி நிற்கிறது. ரிசர்வுக்குத் திருப்பினால் ஒன்றும் வரவில்லை.

கிக்கர்காரன்:
டேங்குக்குள் நிற்கும் குழாய் உடைந்து விழுந்திருக்கும், இல்லாவிட்டால் அடியில் விரிசல். அப்புறம் ஆனும் ரிசர்வும் ஒரே மட்டத்திலிருந்து எடுக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் முதுமையில் நொறுங்குவது சகஜம். டேப்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். விழுந்த துண்டு டேங்குக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

துருவேறியவன்:
டேப்பைக் கழற்றினேன். பித்தளைஜெட் சொன்னபடியே வலை முழுக்க வெள்ளைச் செதில், மேலே ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்பு ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் வருகிறது. ஆனால் லிவர் பக்கம் திறக்க முடியவில்லை. ஸ்குரூ இல்லை, ரிவெட் அடித்திருக்கிறார்கள். லிவர் ஓரமும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கிறது, அதனால் அதையும் பிரிக்க வேண்டும். இந்த வெள்ளைப் பொடி வேறு உள்ளே பிடித்திருக்கிறது.

பித்தளைஜெட்:
ரிவெட் என்றால் பயப்படத் தேவையில்லை. தலையை மட்டும் துளையிட்டு எடுத்து, மூடித்தகட்டைக் கழற்றி, உடலில் மாட்டியிருக்கும் மிச்சத்தைத் தட்டி எடுங்கள். துளையை அளந்துவிட்டு 3 மி.மீ. மரை என்றால் 2.5 மி.மீ. துளை, 4 மி.மீ. மரை என்றால் 3.3 மி.மீ. துளை போட்டு மரை வெட்டி, குட்டி ஸ்குரூ போட்டுவிடலாம். உடல் துத்தநாக வார்ப்பு, மெத்து. டேப்பிங் பிட்டை அரைச்சுற்று போய் கால்சுற்று பின்வாங்குங்கள். அவசரப்பட்டால் உள்ளேயே ஒடியும்.

உள்ளே நான்கு துளை ரப்பர் கேஸ்கெட் இருக்கும், அதன் மேல் லிவரின் தட்டை முகம் சுழலும். மேலிருந்து அலை வாஷர் அழுத்தும். லிவர் ஓரம் ஒழுகுவதும், சாதா டேப்களில் ஆஃப் செய்தும் நிற்காமல் பாஸ் ஆவதும் பெரும்பாலும் இங்கேதான். ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு முகத்தைப் பார்க்காமல் மூடுகிறார்கள். லிவர் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் புது ரப்பர் சில மாதம்தான் தாங்கும். கண்ணாடித் துண்டின் மேல் ஆயிரம் நம்பர் உப்புத்தாளை வைத்து, நனைத்து, எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். கீறல் மறைந்து ஒரே மங்கல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். டேங்கில் உட்காரும் முகத்தையும் அதே கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அந்த முகத்தில் போல்ட் மாட்டும் இரண்டு காதும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைச் சமப்படுத்தாமல் எந்த ஓ-ரிங்கும் நிற்காது.

வெள்ளைப் பொடி துத்தநாகம் அரித்தது. பெட்ரோலோடு வந்த தண்ணீரின் வேலை. எத்தனால் கலந்த பெட்ரோல் நெடுநாள் நின்றால் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து உட்காரும். டேப் இருக்கும் இடம் அதுதானே. பித்தளைத் தூரிகையால் தேய்த்து, மெல்லிய கம்பியால் வழிகளைக் குத்தி, காற்றடித்துவிடுங்கள். வினிகர், துரு நீக்கி எதிலும் ஊறப் போடாதீர்கள். அமிலம் துருவை எடுப்பதை விட வேகமாகத் துத்தநாகத்தை எடுத்துவிடும்.

நீலப்புகை:
கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயையும் ரப்பரெல்லாம் எடுத்த பிறகு மட்டும் அடியுங்கள். டயாஃப்ரம் மேல் பட்டால் அது உப்பிப் போகும்.

ஓ-ரிங் விஷயத்தில்: கிட்டில் வரும் ரப்பர் சாதா நைட்ரைல் என்றாலும் வேலை செய்யும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் நெடுநாள் தாங்கும். அளவு கிடைத்தால் அதையே போடுங்கள். சிலிகான் பசை எந்த மூட்டிலும் வேண்டாம், பெட்ரோலில் அது ஊறிக் கூழாகிவிடும். டெஃப்லான் நாடா பெட்ரோலுக்குக் கரையாது, ஆனால் மரையில் சுற்றினால் நார் நாராகப் பிய்ந்து கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டில் போய் மாட்டும்.

போல்ட்டுக்கு அடியில் ஃபைபர் அல்லது நைலான் வாஷர் இருந்ததா? சில டேங்குகளில் போல்ட் துளை டேங்குக்குள்ளேயே திறக்கும், மரை வழியாகப் பெட்ரோல் இறங்கும். ஓ-ரிங்கை மூன்று தடவை மாற்றியும் சொட்டுகிறது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வாஷர்தான் விட்டுப்போயிருக்கும்.

மிதவைக்கிண்ணம்:
செதிலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? குழாய் நடுவில் ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கிக்கர்காரன்:
தீராது. செதில் அடைப்பது டேங்குக்குள் இருக்கும் வலையை, குழாய் நடுவில் இருக்கும் ஃபில்டர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டால் முழுசாக எடுத்தாக வேண்டும். டேப்பையும் மூடியையும் கழற்றித் துளைகளை அடைத்துவிட்டு அதைச் செய்ய வேண்டும். டேப்போடு சேர்த்துத் துரு நீக்கி ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள், டேப் அதோடு சரி.

ஃபில்டர் போடுவதாக இருந்தாலும் பார்த்துப் போடுங்கள். பம்ப் வைத்த வண்டிகளுக்கு வந்த காகித ஃபில்டர் இந்த ஒரு சாண் உயர அழுத்தத்தில் ஓட்டத்தை முடக்கும். நைலான் வலை அல்லது பித்தளைத் துகள் ஃபில்டர் போதும். குழாய் எங்கேயும் மேலே ஏறி இறங்காமல் சரிவாகவே போக வேண்டும், ஏறிய இடத்தில் காற்றுக் குமிழி உட்கார்ந்துவிடும். ஃபில்டர் பாதி காலியாகத் தெரிகிறதே என்று அடிக்கடி ஒருவர் வந்து கேட்பார். அது பரவாயில்லை, ஓட்ட அளவு சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சுருட்டுப்புகை:
என்னுடையது பிரிட்டிஷ் வண்டி, ஐம்பதுகள். டேங்கின் இரண்டு பக்கமும் இரண்டு டேப், இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். ஒன்று மெயின், ஒன்று ரிசர்வ். கால் அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை. உள்ளே கார்க். டேங்கைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்துத் திரும்பி வந்ததிலிருந்து இரண்டுமே சொட்டுகிறது. அதுவரை ஒழுங்காக இருந்தது.

நீலப்புகை:
கார்க் காய்ந்துவிட்டது. டேங்க் காலியாக இருந்த நாட்களில் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் திரும்ப நனைந்ததும் ஓரளவு உப்பும், ஆனால் பழைய கார்க் என்றால் நம்ப முடியாது. கழற்றிக் கொதிக்கும் நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் மெத்தென்று உப்பும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, இழுகம்பியில் கோத்து, சற்று இறுக்கமாக உள்ளே போகும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துப் போடுங்கள். கம்பி முனையில் ஒரு ஸ்குரூ இருந்தால் அதைச் சற்று இறுக்கினாலே கார்க் பக்கவாட்டில் விரியும், முதலில் அதை முயலுங்கள். டேங்க் மரையில் ஃபைபர் வாஷருக்குப் பதிலாக, உலோக வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய டௌட்டி வாஷர் போட்டால் டேப்பை வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தலாம், ஒழுகாது.

இதே காய்ச்சல் ரப்பருக்கும் வரும். டேங்கைக் காலி செய்து நெடுநாள் வைத்துவிட்டு நிரப்பினால், அதுவரை உப்பியிருந்த பழைய ரப்பர் சுருங்கிப்போய் ஒழுக ஆரம்பிக்கும். "எதையும் தொடவே இல்லை, தானாக ஒழுகுது" என்று சொல்கிற பாதிப்பேர் கதை இதுதான்.

ஓரவண்டி:
என் டேப்பைக் கழற்றப் பார்க்கிறேன், பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர். நட்டு ஒரு பக்கம் திருகினால் டேப் கழலாமல் மொத்தமும் நெருங்கி நெருங்கி மேலே ஏறுகிறது.

பித்தளைஜெட்:
அந்த நட்டில் இரண்டு மரை. ஒரு முனை வலது, மறு முனை இடது. அதனால் ஒரே திருகலில் டேங்கையும் டேப்பையும் ஒன்றாக இழுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் திருகினால் இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவிக்கும். மேலே ஏறுகிறது என்றால் நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாட்டும்போது இரண்டு பக்கமும் சம அளவு மரை பிடிக்கும்படி ஆரம்பியுங்கள், ஒரு பக்கம் முழுசாக ஏறி மறுபக்கம் ஒரே சுற்றில் தொங்கினால் ஒழுகும்.

ஓரவண்டி:
கழன்றுவிட்டது. நீங்கள் சொன்ன குழாய்த் துண்டும் டேங்குக்குள்ளிருந்து வந்து விழுந்தது. நன்றி அண்ணா.

துருவேறியவன்:
நம் வண்டி நிலவரம். ரிவெட் எடுத்து 3 மி.மீ. ஸ்குரூ போட்டாகிவிட்டது. முகங்கள் தேய்த்தேன், காது நன்றாகவே வளைந்திருந்தது. புது டயாஃப்ரம், நான்கு துளை ரப்பர், விட்டான் ஓ-ரிங், வாஷர். பூச்சு உரித்து டேங்க் உள்ளே வெறும் இரும்பு. ஆயிலும் ஃபில்டரும் புதுசு. சிரிஞ்சை இழுத்துப் பிடித்தால் விரலை விட்டதும் பிஸ்டன் டக்கென்று உள்ளே ஓடுகிறது. ஆனில் நிமிடத்துக்கு 400 மில்லிக்கு மேல் வருகிறது. நெடுஞ்சாலையில் முழுசாக முறுக்கியும் மூச்சு வாங்கவில்லை, இரண்டு பிளக்கும் ஒரே பழுப்பு.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். லிவர் முன்பைவிடக் கெட்டியாகத் திரும்புகிறது. கிரீஸ் தடவலாமா?

பித்தளைஜெட்:
சாதா கிரீஸ் வேண்டாம், பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய் ஜெட்டில் சேர்க்கும். பெட்ரோல் தாங்கும் ஃப்ளோரோசிலிகான் கிரீஸ் கிடைத்தால் லிவரின் தண்டு ஓ-ரிங்கில் மட்டும் விரல்நுனி அளவு. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், புது ரப்பர் பெட்ரோலில் ஊறியதும் இளகும். ஒரு வாரம் கழித்தும் இடுக்கியால் திருப்ப வேண்டிய நிலை என்றால் அலை வாஷர் இரட்டையாக மாட்டியிருக்கிறதா பாருங்கள், கிட்டில் புதுசு வரும், பழசையும் எடுக்காமல் மூடிவிடுகிறவர்கள் உண்டு.

துருவேறியவன்:
பழசு மேசை மேல்தான் கிடக்கிறது, இரட்டை இல்லை. அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன்.

நீலப்புகை:
ஆயில் அளவை மட்டும் அடுத்த சில காலைகள் பார்த்துக்கொண்டே இருங்கள். கோட்டுக்கு மேலே மறுபடி ஏறினால் டேப்போடு நீடில் வால்வையும் பாருங்கள்.